கேள்வி-பதில்: அதே பாறை, பத்தாயிரம் தடவை

போன இதழில் டிஸ்னியைப் பற்றி நான் போகிறபோக்கில் எழுதிய ஆறு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக் கடிதங்களில் திட்டு, மீதியில் சந்தேகம். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. இந்த மாதம் முழுக்கக் கார்ட்டூன்தான். மற்றக் கேள்விகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: "கார்ட்டூனுக்கென்று முதன்முதலில் ஸ்டூடியோ தொடங்கியவர் வால்ட் டிஸ்னி" என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடம் கையால் படம் வரைந்து சம்பாதித்தவர் இப்படி எழுதலாமா?

எழுதியிருக்கக் கூடாது. தப்புதான். சாப்பிட்டுக்கொண்டே பதில் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

வால்ட் டிஸ்னியும் அவருடைய அண்ணன் ராயும் லாஸ் ஏஞ்சலிஸில் 'டிஸ்னி பிரதர்ஸ் கார்ட்டூன் ஸ்டூடியோ'வைத் தொடங்கியது 1923 அக்டோபரில். அதற்கு ஒன்பது வருடம் முன்னாலேயே நியூயார்க்கில் கார்ட்டூனை மட்டுமே நம்பி ஸ்டூடியோ நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் ஜான் ராண்டால்ஃப் பிரே. இன்னொருவர் மான்ட்ரியலிலிருந்து வந்த ஓவியர் ரவூல் பாரே. இரண்டுமே 1914 வாக்கில். யார் முந்தி என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. 1914-இல் டிஸ்னிக்குப் பன்னிரண்டு வயது. கேன்சஸ் சிட்டியில் அப்பா எடுத்திருந்த ஏஜென்சிக்காக விடிகாலையில் எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தார்.

என் ஓட்டு பிரேவுக்கு. பாரே கலைஞர். பிரேவும் படம் போடத் தெரிந்தவர்தான். மிச்சிகனில் பிறந்து, புரூக்ளின் டெய்லி ஈகிள் பத்திரிகையில் ஓவியராக வேலை பார்த்தவர். ஆனால் அவருக்குப் படத்தைவிடக் கணக்கு நன்றாக வந்தது. ஸ்டூடியோ என்று நாம் இன்று சொல்கிற விஷயம், அதாவது வேலையைப் பிரித்துக் கொடுத்து, வாரம் தவறாமல் சரக்கை அனுப்புகிற அந்த ஏற்பாடு, அவரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது.

கேள்வி: அப்படி என்ன புதிதாகச் செய்துவிட்டார்? அசையும் படத்தை அவருக்கு முன்பே மற்றவர்கள் வரைந்துவிட்டார்களே?

வரைந்துவிட்டார்கள், சரிதான். எப்படி வரைந்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வின்சர் மெக்கே என்று ஒரு மகா கலைஞர். நியூயார்க் பத்திரிகை ஓவியர். 1914 பிப்ரவரியில் 'கெர்ட்டி' என்கிற டைனோசரை மேடைக்குக் கொண்டுவந்தார். மெக்கே கையில் சாட்டையோடு திரைக்குப் பக்கத்தில் நிற்பார். "கெர்ட்டி, காலைத் தூக்கு" என்பார். திரையில் டைனோசர் காலைத் தூக்கும். திட்டினால் அழும். கடைசியில் மெக்கே திரைக்குப் பின்னால் போய்விட, அதே நொடியில் வரைந்த மெக்கே படத்துக்குள் வந்து அதன் மேல் ஏறிச் சவாரி போவார். இன்று பார்த்தாலும் அந்தப் பிராணி மூச்சு விடுகிறது என்று நம்பத் தோன்றும்.

அந்தப் படத்துக்குச் சுமார் 10,000 தாள்கள். டைனோசர் மட்டும் அசைகிறது. பின்னால் இருக்கிற பாறையும் மலையும் ஏரியும் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு தாளிலும் டைனோசரோடு சேர்த்து அந்தப் பாறையையும் மலையையும் ஏரியையும் வரைந்தாக வேண்டும். அந்த வேலைக்காக ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற ஓவிய மாணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் வேலை, மூலப் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து அதே பாறையை நகலெடுப்பது. அடுத்த தாள், அதே பாறை. அதற்கடுத்த தாள், அதே பாறை.

இது எவ்வளவு கொடுமை என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கதவு நிலையை லைட் பாக்ஸில் (அடியில் விளக்கு எரிகிற கண்ணாடிப் பலகை) வைத்து 24 தாள்களில் நகலெடுக்கச் சொன்னார்கள். சும்மா நேர்க்கோடுகள். ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன். அப்புறம் அதை ஓடவிட்டுப் பார்த்தால் கதவு நிலை கொதிக்கிறது! உலைத்தண்ணீர் மாதிரி. பென்சில் முனை ஒரு தாளில் கூராக இருந்திருக்கும், அடுத்ததில் தேய்ந்திருக்கும். ஒரு தலைமுடி அகலம் விலகினாலும் திரை அதைப் பெரிதாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆள் நிற்கிறான், கதவு நடுங்குகிறது. என்னை வேலைக்கு எடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு கட்டுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். அவ்வளவுதான்.

பிரே கேட்டது ஒரே கேள்வி: மாறாத ஒன்றை எதற்கு மறுபடி மறுபடி வரைய வேண்டும்? பின்னணியை ஒரு முறை வரைந்து, அச்சுத்தகடு செய்து, தேவையான அளவு தாள்களில் அச்சடித்துவிட்டார். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்தவருக்கு இது தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அச்சான தாளில் ஓவியர் பாத்திரத்தை மட்டும் வரைந்தால் போதும். பாத்திரம் ஒரு மரத்தின் மேலே வந்து நின்றால், அந்த இடத்தில் மட்டும் அச்சுக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். சுரண்டுவதும் வேலைதானே? அதனால் முடிந்தவரை ஆள் நடமாடுகிற இடத்தைக் காலியாக விட்டுப் பின்னணியை அமைத்தார்கள். அவருடைய ஆரம்பகாலப் படங்களில் நடு இடம் மொட்டையாக இருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சி இல்லை, சோம்பல். நல்ல விதமான சோம்பல். இந்த முறைக்கு 1914 ஜனவரியில் விண்ணப்பித்து, ஆகஸ்டில் காப்புரிமை வாங்கிவிட்டார்.

கேள்வி: பிரே, மெக்கேயின் வீட்டுக்குப் போய்த் தொழிலைத் திருடிக்கொண்டு வந்தார் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

இப்படி ஒரு கதை உண்டு. கெர்ட்டியை வரைந்துகொண்டிருந்த சமயத்தில் ஓர் இளைஞர் மெக்கேயைப் பார்க்க வருகிறார். கார்ட்டூன் எடுக்கும் முறையைப் பற்றிக் கட்டுரை எழுதப் போவதாகச் சொல்கிறார். மெக்கே வெள்ளை மனசுக்காரர். தாள்களை எப்படிப் பொருத்துகிறேன், ஓர் அசைவை எப்படிப் பிரிக்கிறேன் என்று எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுகிறார். வந்தவர் பிரே என்பதுதான் கதை.

கதையின் முதல் பாதியை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம். இரண்டாம் பாதி நடந்தது: காப்புரிமை வாங்கிய பிரே, மெக்கே மேலேயே வழக்குப் போட்டார். 'என் முறையை நீ பயன்படுத்துகிறாய்' என்று! நியாயம் மெக்கே பக்கம் நின்றது. அதற்குப் பிறகு சில காலம் பிரேவிடமிருந்து மெக்கேவுக்கு ராயல்டி போய்க்கொண்டிருந்தது.

மெக்கே எதற்கும் காப்புரிமை கேட்டதே இல்லை. இது ஒரு கலை, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளட்டும் என்ற எண்ணம். அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவருடைய வழியில் போயிருந்தால் என்னைப் போன்ற சுமாரான கைகளுக்கு இந்தத் தொழிலில் இடமே இருந்திருக்காது. அதனால் பிரேவை முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை.

கேள்வி: அவருடைய முதல் கதாநாயகன் யார்? என் பேரன் கேட்கிறான்.

கர்னல் ஹீசா லையர். ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'அவன் ஒரு புளுகன்' என்று காதில் விழும். குள்ளமான, மூக்குக்கண்ணாடி போட்ட கிழவர். ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கத்தை அடித்தேன், யானையைப் பிடித்தேன் என்று அளப்பார். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பதவியை விட்டதும் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போய்வந்தார் அல்லவா, அதைக் கிண்டலடிக்கத்தான். 1913 முடிந்து 1914 பிறக்கிற சமயத்தில் முதல் படம் வந்தது. ஒரே பாத்திரத்தை வைத்துத் தொடராக வந்த கார்ட்டூன்களில் மிகப் பழையவற்றில் இது ஒன்று. பேரனிடம் புளுகக் கூடாது என்று சொல்லி இதைக் காட்டாதீர்கள். கர்னல் புளுகித்தான் பிழைக்கிறார்.

கேள்வி: நான் கம்ப்யூட்டரில் அனிமேஷன் செய்கிறேன். என் மென்பொருளில் 'பெக்' என்று ஒன்று இருக்கிறது. பெக் என்றால் முளைதானே? திரையில் எதற்கு முளை?

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்கலாம். அந்த முளை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ரவூல் பாரேயின் ஸ்டூடியோவிலிருந்து வந்தது.

நூறு தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக இம்மி பிசகாமல் வைப்பது எப்படி? மெக்கே தாளின் மூலைகளில் சிலுவைக் குறி போட்டு, குறிக்குக் குறி பார்த்து வைத்தார். கண் அசந்தால் போச்சு. பாரேவும் அவருடைய கூட்டாளி பில் நோலனும் வைத்த ஏற்பாடு இது: எல்லாத் தாள்களிலும் ஒரே இடத்தில் துளை போடு, வரைகிற மேஜையில் முளை அடி, துளையை முளையில் மாட்டு. கேமராவுக்கு அடியிலும் அதே மாதிரி முளைகள். முடிந்தது கதை. நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த முளைப் பட்டையில் தாளை மாட்டி மாட்டி, துளைகள் கிழிந்தால் ஒட்டுத்தாள் ஒட்டி, கட்டைவிரல் நுனி காய்த்துப்போயிருந்தது. கையால் செய்த பொருள் போய்விட்டது, பெயர் மட்டும் உங்கள் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாரே பின்னணிக்கும் ஒரு வழி வைத்திருந்தார். பின்னணித் தாளில் ஆள் வருகிற இடத்தைக் கிழித்துவிட்டு, அசையும் தாளோடு சேர்த்துப் படமெடுப்பது. 'கிழிப்பு முறை' என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேவுக்கு உரிமக் கட்டணம் கட்டாமல் தப்பிக்க நினைத்தவர்களுக்கு இது ரொம்ப உதவியது.

கேள்வி: உரிமக் கட்டணமா? கார்ட்டூன் வரைய அவருக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வரைவதற்கு இல்லை, அவருடைய முறையில் வரைவதற்கு. இங்கே ஏர்ல் ஹர்ட் என்ற இன்னொரு கார்ட்டூன் ஓவியர் வருகிறார்.

ஹர்ட் 1914 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1915 ஜூனில் கிடைத்தது. கண்ணாடி போல ஊடுருவித் தெரிகிற செல்லுலாய்டுத் தகட்டில் பாத்திரத்தை வரைந்து, ஒரே ஒரு பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துப் படமெடுப்பது. அச்சும் வேண்டாம், சுரண்டலும் வேண்டாம். பின்னாளில் எங்கள் தொழிலில் 'செல்' என்று ஒற்றை வார்த்தையில் சொன்னோமே, அதுதான். பிரேவின் முறையைவிட இது எவ்வளவோ மேல், அது பிரேவுக்கே தெரிந்தது. அவர் செய்ததைப் பாருங்கள்: போட்டி போடவில்லை, ஹர்டைத் தன் ஸ்டூடியோவுக்கே கூட்டிக்கொண்டு வந்து, இருவர் காப்புரிமைகளையும் ஒன்றாக்கி 'பிரே-ஹர்ட்' என்று ஒரு நிறுவனமே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு யார் செல் பயன்படுத்தினாலும் இவர்களிடம் உரிமம் வாங்க வேண்டும். 1932-இல் காப்புரிமை காலாவதியாகிற வரை இப்படித்தான்.

செல்லைப் பற்றி ஒரு வார்த்தை, கையால் தொட்டவன் என்பதால். கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். அப்போதுதான் வண்ணம் கோட்டைத் தாண்டினாலும் முன்னால் சுத்தமாகத் தெரியும். நான் ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) அவசர அவசரமாக முப்பது செல்களுக்கு முன்பக்கமே வண்ணம் அடித்துவிட்டேன். கண், மூக்கு எல்லாக் கோடுகளும் வண்ணத்துக்கு அடியில் போய்விட்டன. முப்பது முகங்கள், ஒன்றுக்கும் கண் இல்லை. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு நடு ராத்திரி வரை துடைத்தேன். பழைய நியூயார்க் ஸ்டூடியோக்களிலும் செல்லைத் துடைத்திருக்கிறார்கள், ஆனால் வேறு காரணத்துக்காக: விலை அதிகம் என்பதால் படமெடுத்து முடிந்ததும் கழுவிவிட்டு அடுத்த படத்துக்குப் பயன்படுத்தினார்கள். அந்த நாளைய செல்லுலாய்டு சுலபமாகத் தீப்பிடிக்கும் சரக்கு வேறு.

கேள்வி: ஸ்டூடியோ தினசரி எப்படி நடந்தது? நீங்கள் சொல்கிற 'கணக்கு' என்ன?

எளிய கணக்கு. ஒரு படம் முடிக்க ஒரு மாதம் ஆகும். தியேட்டர்காரர்களுக்கோ வாரம் ஒன்று வேண்டும். பிரே நான்கு குழுக்களை வைத்தார். ஒவ்வொரு குழுவும் மாதம் ஒரு படம். ஆனால் ஒரு வாரம் தள்ளித் தள்ளி ஆரம்பிக்கும். வாரா வாரம் ஒரு படம் வெளியே வந்துவிடும். முதலில் பாத்தே என்ற பட விநியோக நிறுவனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர், 1916-இல் பாரமவுண்ட்டுக்கு மாறினார்.

நிர்வாகத்தில் அவருடைய மனைவி மார்கரெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெர்மனியில் பிறந்தவர். வேலை வாங்குவதில் கறார். கார்ட்டூன் வரலாறு எழுதுகிற பலர் இவரை ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள், நானும் அதையேதான் செய்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கேள்வி: அந்தக் காலத்தில் தனி ஆளாகக் கார்ட்டூன் எடுத்து விற்க முடிந்ததா?

பால் டெர்ரி என்ற கார்ட்டூன் ஓவியர் முயன்றார். தானே ஒரு கார்ட்டூன் வரைந்து எடுத்துக்கொண்டு லூயிஸ் செல்ஸ்னிக் என்ற பட வியாபாரியிடம் போனார். செல்ஸ்னிக் அடிக்கு ஒரு டாலர் தருகிறேன் என்றார். ஓர் அடி ஃபிலிமில் 16 பிரேம்கள், அதாவது 16 கட்டங்கள். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தாலும் எட்டுப் படம் வரைய வேண்டும், எட்டுக்கும் சேர்த்து ஒரு டாலர். 'ஃபிலிம் வாங்கிய காசே அதைவிட அதிகம் ஆயிற்றே' என்று டெர்ரி சொல்ல, 'நீ அதில் படம் வரைவதற்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் கூடுதலாகக் கொடுத்திருப்பேன்' என்று பதில் வந்ததாம். டெர்ரி இதைப் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார் என்பார்கள். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார். படத்தை வேறொருவரிடம் விற்றார். 1916-இல் கொஞ்ச காலம் பிரேவிடமே வேலைக்கு வந்துவிட்டார், தன் 'விவசாயி அல் ஃபால்ஃபா' பாத்திரத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு.

கேள்வி: இவ்வளவு செய்தவரை ஏன் எனக்குத் தெரியவில்லை? டிஸ்னியைத் தெரிகிறது, பாப்பாயைத் தெரிகிறது.

பாப்பாய் என்றீர்களே, அதைத் திரைக்குக் கொண்டுவந்தவர் மேக்ஸ் ஃபிளெய்ஷர், பிரேவின் ஆள்! புரூக்ளின் பத்திரிகையில் பிரேவோடு வேலை பார்த்த பழைய பழக்கம். நிஜ மனிதரைப் படமெடுத்து, அதைப் பிரேம் பிரேமாகக் கண்ணாடியில் விழவைத்து மேலே வரைகிற 'ரோட்டோஸ்கோப்' கருவியை இவர் செய்தார். தம்பி டேவுக்குக் கோமாளி உடுப்பைப் போட்டு ஆடவிட்டு முதல் சோதனை. அந்தச் சிறு துண்டுக்கே ஒரு வருடம் பிடித்தது. அதைப் பார்த்து பிரே வேலை கொடுத்தார். அந்தக் கோமாளிதான் பின்னால் கோகோ என்ற கார்ட்டூன் பாத்திரம் ஆனான். 1921-இல் அண்ணனும் தம்பியும் தனியாகப் போய்விட்டார்கள். மரங்கொத்தி வுடியைக் கொடுத்த வால்டர் லான்ட்ஸும் பிரேவிடம் பல வருடம் இருந்தவர்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரேவிடம் முறை இருந்தது, முகம் இல்லை. ரூஸ்வெல்ட்டின் ஆப்பிரிக்கப் பயணம் மறந்ததும் கர்னலும் மறந்துபோனார். நல்ல முகங்களை உருவாக்கியவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள், போகும்போது முகத்தையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பிரேவுக்கு அதைப் பற்றிப் பெரிய வருத்தம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. முதல் உலகப் போரில் ராணுவத்துக்குப் பயிற்சிப் படங்கள் எடுத்தார். அதில் ஒரு நிரந்தர வியாபாரம் இருப்பதைப் பார்த்தார். இருபதுகளின் கடைசியில் கார்ட்டூனை மூடிவிட்டுக் கல்விப் படங்களோடு நின்றுகொண்டார். ஒலி வந்து, மிக்கி மவுஸ் வந்து ஊரே அமளிப்பட்டபோது இவர் பாடம் நடத்துகிற படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

1978 அக்டோபரில் காலமானார். வயது 99. டிஸ்னிக்கு இருபத்திரண்டு வருடம் முன்னால் பிறந்து, டிஸ்னி போய்ப் பன்னிரண்டு வருடம் கழித்துப் போனவர்.

கேள்வி: இந்தப் படங்களை இன்று பார்க்க முடியுமா? எதைத் தேடுவது?

முடியும். இணையத்தில் கிடைக்கின்றன. மூன்றைத் தேடுங்கள். முதலில் பிரே 1913-இல் எடுத்த நாய்ப் படம்: ஓவியர் எழுந்து போனதும், அவர் வரைந்த டாக்ஸ்ஹவுண்ட் நாய் சாசேஜைத் தின்ன ஆரம்பிக்கிறது, தின்று தின்று கடைசியில் வெடித்துவிடுகிறது. இதைப் பார்த்துத்தான் பாத்தே நிறுவனம் அவரிடம் மேலும் படங்கள் கேட்டது. அப்புறம் மெக்கேயின் கெர்ட்டி. அப்புறம் கர்னல் படம் ஏதாவது ஒன்று.

பியானோ இசை சேர்த்திருந்தால் அணைத்துவிடுங்கள், அது பின்னால் யாரோ ஒட்டியது. கெர்ட்டியைப் பார்க்கும்போது டைனோசரைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், முயற்சி செய்யுங்கள். பின்னால் இருக்கிற பாறையைப் பாருங்கள். லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அது ஃபிட்ஸ்சிம்மன்ஸின் கை.